பாங்குக்கு வைத்த பந்து

எனக்கு வாய் நீளம். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரரோடு சண்டை, டியூஷன் சேரோடு சண்டை, பஸ் கொண்டக்டரோடு சண்டை. இந்த வாயோடு உன்னை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று உம்மா கேட்காத நாளில்லை. ஆனால் அந்த வாயால் கெட்டது நானல்ல, கிருசாந்தி. ஊரெல்லாம் அவளைப் பற்றித்தான் கதைத்தது. பேஸ்புக்கிலும் அவள் படத்தைத்தான் போட்டார்கள். என்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இப்படி நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்காது.

கிருசாந்தி பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை. தகப்பன் சாமித்தம்பி கடலுக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பில் எங்கள் பெண்கள் கல்லூரிக்கு வந்து என் பக்கத்து வாங்கில் இருந்தாள், அதோடு ஒட்டிக்கொண்டோம். நான் பத்துச் சொல் சொன்னால் அவள் அரைச் சொல் சொல்வாள். "ஊமைச்சி" என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். கையில் கூடைப்பந்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் அந்த ஊமைச்சி வேறு ஆள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். பந்து தரையில் படுகிற சத்தம் கேட்கும், ஆளைக் காண முடியாது. அணிக்குக் கெப்டன் நான். அது பெயருக்குத்தான், ஆட்டத்தை நடத்தியவள் அவள்.

எங்கள் கல்லூரித் திடலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருக்கிறது. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற சப்ரி ஹாஜியார் அதிபரிடம் வந்து முறைப்பட்டார். தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பந்து தட்டுகிற சத்தமும் பொம்பளைப் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்கிறது, இதெல்லாம் சரிவராது என்றார். திடலையே மூடிவிடுவார்களோ என்று எங்களுக்குப் பயம் பிடித்தது. கடைசியில் எங்கள் பயிற்றுநர் மெட்டில்டா மிஸ்தான் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். பாங்கு தொடங்கியதும் பந்து யார் கையில் இருந்தாலும் அதை நிலத்தில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். முடியும் வரைக்கும் ஒருவரும் அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. மிஸ் மெதடிஸ்ட் கிறிஸ்தவர். இருந்தும் அவரும் விசிலைக் கழற்றிக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு எங்களோடு நிற்பார்.

இந்தச் சட்டத்துக்குப் பொலிஸ் நான். ஒருநாள் பின்னேரம் அஸர் பாங்கு தொடங்கியதைக் கவனிக்காமல் கிருசாந்தி இரண்டு தரம் பந்தைத் தட்டிவிட்டாள். பாங்கு முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன். உங்கட கோயில் மணியெண்டா இப்படித் தட்டிக்கொண்டு இருப்பியா என்று கேட்டேன். பதினான்கு வயதில் எனக்கு இருந்த திமிர் அப்படி. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அன்று தொடக்கம் அந்தச் சட்டத்தை அவளைப் போலக் காத்தவர் யாருமில்லை. ஒலிபெருக்கியில் பாங்கு சொல்கிற மோதினார் தொண்டையைச் செருமும்போதே பந்தை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். நான் முக்காட்டைச் சரிசெய்து நிற்பதற்குள் அவள் நின்று முடிந்திருக்கும். ஐந்து வருடம், பயிற்சி இருந்த ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான்.

உயர்தரச் சோதனைப் பெறுபேறு வந்த அன்று என்னுடைய புள்ளி போன வருடப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தது. அவளுடையது தாண்டவில்லை. மயிரிழையில் தவறிவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழக்கூட இல்லை. பரவாயில்லை, நீ போ என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பரவாயில்லையாமே! என்னைவிடப் படித்தவள் அவள். சோதனை நடந்த வாரம் தகப்பனுக்குக் கடலில் கால் முறிந்து, இவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் சோதனை மண்டபத்துக்குமாக அலைந்தாள். அவளுக்குக் கீழே இன்னும் மூன்று பேர். இன்னொரு வருடம் வீட்டிலிருந்து படித்து எழுத விடமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

வழி கண்டுபிடித்தவர் மெட்டில்டா மிஸ். விளையாட்டில் அகில இலங்கை மட்டத்தில் முதலிடம் எடுத்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் தனியாகச் சில இடங்கள் இருக்கின்றன என்றார். கிருசாந்தி எடுத்த புள்ளியோடு ஒரு முதலிடச் சான்றிதழ் சேர்ந்தால் போதும், இரண்டாமிடம் காணாது. பெண்கள் கல்லூரிகளுக்கான அகில இலங்கைக் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி அடுத்த மாதம் குருநாகலில் நடக்க இருந்தது. சோதனை எழுதி முடித்திருந்தாலும் இருபது வயதுக்குக் குறைந்தவர்கள் கல்லூரிக்காக ஆடலாம். எங்கள் இருவருக்கும் பத்தொன்பது. வென்றால் போவாய், வெல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் புள்ள என்று மிஸ் அவளிடம் நேராகவே சொன்னார்.

அந்த ஒரு மாதம் நாங்கள் ஆடியது போல எப்போதும் ஆடவில்லை. எனக்கு இடம் உறுதி. எனக்கு அந்தச் சான்றிதழ் ஒரு கடதாசிதான். இருந்தாலும் அவளைவிட நான்தான் அதற்காகப் பேயாய் அலைந்தேன். ஓடப் பஞ்சிப்பட்டவளையெல்லாம் திட்டித் தீர்த்தேன். குருநாகலுக்கு பஸ் ஏறுவதற்கு முதல்நாள் கிருசாந்தி தண்ணீர் குடித்துக்கொண்டே, பேராதனைக் கம்பஸில் ஒரே அறை எடுப்போமா என்று கேட்டாள். அவள் வாயால் ஆசை என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உன் குறட்டைக்கு நான் வேறு அறை பார்க்க வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள்.

குருநாகலில் முதல்நாள் காலை பன்னிரண்டு அணிகளின் கெப்டன்மாரையும் ஒரு அறையில் கூட்டினார்கள். பிரதம நடுவர் ஐம்பது வயதைத் தாண்டிய சிங்கள மனுஷன். சட்டதிட்டமெல்லாம் வாசித்து முடித்துவிட்டு என் முக்காட்டைப் பார்த்து, எந்த ஊர் நங்கி என்று தங்கச்சியைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். கல்முனைப் பக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அம்பாறையில் ஆறு வருடம் விளையாட்டு உத்தியோகத்தராக இருந்தவராம். மருதமுனையில் வாங்கிய சாரனை இன்னும் வீட்டில் உடுக்கிறாராம். பிறகு ஜன்னலுக்கு வெளியே, மைதானத்து மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த பள்ளிவாசல் மினாராவைக் காட்டினார். உங்கள் பக்கம் பாங்கு சொன்னால் ஆட்டத்தை நிறுத்துவீர்கள், நான் கண்டிருக்கிறேன், இங்கே அந்த வழக்கம் இல்லை என்றார். ஆனால் நீ கேட்டால் உங்கள் அணி ஆடும்போது பாங்கு தொடங்கியதும் நான் விசிலடித்து மணிக்கூட்டை நிறுத்துவேன், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம், மற்ற அணிகளுக்கும் இப்போதே சொல்லிவிடலாம், என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

பதினொரு தலைகள் என் பக்கம் திரும்பின. அன்று காலைச் சாப்பாட்டு நேரம் அவர்களில் ஒருத்தி, இந்த வெயிலில் தலையை மூடிக்கொண்டு எப்படி ஓடுகிறாய் என்று என்னிடம் கேட்டிருந்தாள். கெட்ட எண்ணத்தில் கேட்டாளோ என்னவோ, பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். நாட்டில் குண்டுவெடிப்பும் எங்கள் ஆட்கள் மீதான கலவரமும் நடந்து முடிந்த பிறகு, ஊரை விட்டு வெளியே வந்தால் எதையும் கேட்காமல், ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டுப் போவதுதான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். பஸ் ஏற்றிவிட வந்த வாப்பாவும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். எங்களுக்காக ஒரு சட்டமாம், எங்களுக்காக எல்லாரும் நிற்க வேண்டுமாம், பிறகு அதை வைத்து ஒரு கதை கட்டுவார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல காரணம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வெட்கம்தான் காரணம்.

"தேவையில்ல சேர்," என்று சிங்களத்தில் சொன்னேன். "ஆட்டமெண்டு வந்தா நாங்க அதெல்லாம் பாக்கிறல்ல."

அவர் தன் கடதாசியில் ஏதோ குறித்துக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

இதை நான் வந்து அணியிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே பாங்கு சொன்னாலும் ஆட்டம் நிற்காது, நின்றுவிடாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் நிற்காது, யார் கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று வரும். எங்களில் ஏழு பேர் முஸ்லிம் பிள்ளைகள். நிறுத்தித் தருகிறேன் என்று ஒரு சிங்கள மனுஷன் கேட்டு, நான் வேண்டாமென்று சொன்னது தெரிந்தால் என்னைத் தோலுரித்துவிடுவார்கள். அதோடு எங்கள் ஆட்டங்களெல்லாம் காலையில்தான் விழுந்திருந்தன. இறுதிப் போட்டி ஒன்றரை மணிக்கு, மூன்றரை மணி அஸருக்கு முன்பே முடிந்துவிடும், எதற்கு வீண் கதை என்று விட்டுவிட்டேன்.

மூன்று ஆட்டம் வென்றோம். அரையிறுதியில் கிருசாந்தி மட்டும் இருபத்து நான்கு புள்ளி எடுத்தாள். இறுதிப் போட்டிக்குக் கொழும்புக் கல்லூரி ஒன்று வந்தது. எல்லாரும் நெட்டைப் பிள்ளைகள். எங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. ஒன்றரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் பிரதம அதிதி வராததால் தொடங்கவில்லை. அவர் வந்து, விளக்கேற்றி, பேசி, நாங்கள் மைதானத்தில் இறங்கும்போது மணி இரண்டே கால். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். என் தலையில் புள்ளியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கடைசிக் கால் பகுதியில் ஆறு புள்ளி பின்னால் இருந்தோம். அந்த ஆறையும் கிருசாந்தி இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை மூன்று நெட்டைகளுக்கு நடுவில் புகுந்து பந்தைப் போட்டுவிட்டுக் கீழே விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். எத்தனை செக்கன் கிடக்கு என்று மட்டும் கேட்டாள். நாற்பது என்றேன். அடுத்த முறை அவர்களுடைய பாஸ் ஒன்றை இடையில் தட்டிப் பறித்து, தானே கொண்டுபோய்ப் போட்டாள். நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தேழு. நாங்கள் ஒன்று முன்னால்.

அவர்கள் எறிந்த பந்து கூடை வளையத்தில் பட்டு வெளியே வந்தது. நான் பாய்ந்து பிடித்து அவளிடம் கொடுத்தேன். மணிக்கூட்டில் பதினொரு செக்கன். இனி ஒன்றும் போடத் தேவையில்லை. பந்தை வைத்துக்கொண்டு ஓடித் திரிந்தால் போதும், அவளிடமிருந்து பறிக்க அந்த மைதானத்தில் ஆள் இல்லை. மெட்டில்டா மிஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நான் கையை உயர்த்திக்கொண்டு வலது மூலைக்கு ஓடினேன்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் அஸர் பாங்கு தொடங்கியது.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் அல்லாஹு அக்பர் தெளிவாகக் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால் கிருசாந்தி நிற்கிறாள். பந்து அவளுடைய இரண்டு காலுக்கும் நடுவில் நிலத்தில் இருக்கிறது. கைகள் பின்னால் கட்டியிருக்கின்றன. அவள் யோசித்துச் செய்யவில்லை. ஐந்து வருடம் செய்ததை அவள் உடம்பு தானாகச் செய்தது. எதிரணிப் பிள்ளைகளும் என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். பிரதம நடுவர் வாயில் விசில் இருந்தது. அவர் ஊதவில்லை. என்னைத்தான் பார்த்தார். யா அல்லாஹ், அந்தப் பார்வையை நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

பிறகு அவர்களில் ஒரு நெட்டைப் பிள்ளை குனிந்து பந்தை எடுத்தாள். அவளுக்கே நம்பிக்கையில்லாத மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு ஓடினாள். எங்கள் மற்ற மூன்று பேரும் என்னைப் போல முன்னால் ஓடிப்போயிருந்தார்கள், மறிக்க யாரும் இல்லை. நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தெட்டு. மிச்சமிருந்த நான்கு செக்கனில் நான் அரைவாசி மைதானத்திலிருந்து எறிந்தேன். பலகையில்கூடப் படவில்லை. ஆட்டம் முடிந்ததற்குச் சங்கு ஊதியது. பாங்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

எனக்குள் அப்போது எழும்பியது என்னவென்று இன்றைக்குச் சொல்ல முடியும். பயம்தான். நான் செய்தது வெளியே வந்துவிடுமோ என்ற பயம். ஆனால் வாயில் வரும்போது அது கோபமாகத்தான் வந்தது. நேரே அவளிடம் போனேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

"உனக்கென்னடி பாங்கு? உன்ட பாங்கா அது? எங்களுக்கில்லாத பாங்கு உனக்கு எங்கயிருந்து வந்த?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை. கணக்கை எங்கே பிழைவிட்டோம் என்று தேடுகிற பிள்ளையின் முகம்.

"நிப்பாட்டல்லயா?" என்று கேட்டாள். "விசில் அடிக்கல்லயா நஸ்லின்?"

மெட்டில்டா மிஸ் வந்து என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வாயை மூடு என்று மட்டும் சொன்னார். பரிசளிப்பில் இரண்டாமிடக் கிண்ணத்தை நான் போய் வாங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் கிருசாந்தி டிரைவருக்குப் பின் ஆசனத்தில் தனியாக இருந்தாள். என் பக்கத்து ஆசனம் கல்முனை வரைக்கும் வெறுமையாகவே வந்தது. யாரும் அவளைப் பேசவில்லை. யாரும் என்னையும் பேசவில்லை. அந்தக் கேள்விகள் எல்லாருக்கும் சேர்த்து நானே கேட்டு முடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் யாரோ போனில் எடுத்த வீடியோ பேஸ்புக்கில் வந்தது. வெற்றியை விடப் பாங்கைப் பெரிதாக மதித்த தமிழ்ச் சகோதரி என்று தலைப்பு. சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் அதைப் பார்க்காத ஆள் இல்லை. எங்கள் உம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் கூட்டாளி எவ்வளவு நல்ல புள்ள என்றா. நான் பாதிச் சோற்றோடு எழும்பினேன். பாண்டிருப்பில் வேறு கதை. முஸ்லிம்களுடைய பாங்குக்கு நம்முடைய பிள்ளை ஏன் நின்றாள் என்று சிலர் சாமித்தம்பியைக் கடற்கரையில் வைத்தே கேட்டார்களாம். சந்தியில் நிற்கிற பொடியன்கள் அவளுக்குப் பாங்குக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அவளைப் பற்றியே கதைத்தார்கள். அவள் இனிப் பேராதனைக்குப் போக மாட்டாள் என்பதை ஒருவரும் கதைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் சப்ரி ஹாஜியாரே முன்னின்று அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார். எங்கள் திடலை மூடச் சொல்லி வந்த அதே மனுஷன். கல்யாண மண்டபம் நிறையச் சனம். அரசியல்வாதி ஒருவர் வந்து இன ஒற்றுமை என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். கிருசாந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், கண்ணாடி போட்ட பெரிய சுவர் மணிக்கூடு ஒன்றைக் கொடுத்தார்கள். படம் எடுப்பதற்காக அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். அவளும் நின்றாள். முன்வரிசையில் சாமித்தம்பி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு இருந்தார். மகளுக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்று அந்த மனுஷனுக்கு விளங்கியதோ இல்லையோ, கை தட்டும்போதெல்லாம் அவரும் தட்டினார்.

பிறகு கெப்டன் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாப்பா இருக்கிறார், உம்மா இருக்கிறா, சப்ரி ஹாஜியார் இருக்கிறார், கல்லூரி முழுக்க இருக்கிறது. சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. இந்தப் பிள்ளை நின்றது சரி, ஆட்டமும் நின்றிருக்கும், நிற்க வேண்டாமென்று சொன்னவள் நான்தான் என்று. கிருசாந்தி அந்த மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கிருசாந்தி எங்கள் கல்லூரியின் பெருமை என்றேன். கை தட்டினார்கள். இறங்கி வந்து என் கதிரையில் இருந்தேன். வாய் நீளமாம்!

பல்கலைக்கழகத் தெரிவுப் பட்டியல் வந்தது. எனக்குப் பேராதனை. விளையாட்டு இடத்துக்கு அவள் போட்ட விண்ணப்பத்துக்கு, முதலிடம் இல்லாதபடியால் பரிசீலிக்க முடியாது என்று ஒரு பந்தியில் பதில் வந்ததாக மெட்டில்டா மிஸ் சொன்னார். மறு கிழமையே அவள் கொழும்புப் பக்கம் பியகமவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் வேன் வருமாம். வியாழக்கிழமை நான் பாண்டிருப்புக்குப் போனேன். சைக்கிளில் போகும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். படலையைத் திறந்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

அவளுடைய அம்மா கலாராணி முற்றத்துக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தா. உள்ளே இருக்கிறாள், போ புள்ள என்றா. கிருசாந்தி கட்டிலில் பை ஒன்றை விரித்து வைத்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிலில் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தந்தாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கெப்டன்மார் கூட்டம், நடுவர் கேட்டது, நான் சொன்ன பதில், பிறகு அணியிடம் மறைத்தது. முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. அவள் மடிப்பதை நிறுத்தவேயில்லை. நான் சொல்லி முடித்த பிறகு ஒரு பாவாடையை உதறி மடித்து உள்ளே வைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அந்த நடுவர் சேர் அண்டைக்கே பஸ்ஸடியில வெச்சுக் கேட்டவர். உங்கட கெப்டன் வேணாமெண்டு சொன்னது உனக்குத் தெரியாதா புள்ள எண்டு."

அப்படியென்றால் பஸ்ஸில் வரும்போதே அவளுக்குத் தெரியும். பாங்குக்காரி என்று பொடியன்கள் கத்தியபோது தெரியும். மேடையில் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதும் தெரியும். மிஸ்ஸிடமாவது ஏன் சொல்லவில்லை, ஊரே கேட்க ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"சொன்னா உன்ட ஆக்கள் உன்னச் சும்மா விடுவாங்களா? பாங்க வேணாமெண்டவள் எண்டு பேசியே கொண்டிருப்பாங்க. உன்ட வாப்பா மறுகா எந்த முகத்தோட பள்ளிக்குப் போற?" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. "நான் எப்பிடியும் போகல்ல. நீயாவது போகணுமே."

நான் அவள் கையைப் பிடித்தேன். என்னை ஏசச் சொன்னேன், அடிக்கச் சொன்னேன். எட்டு வருடப் பழக்கத்தில் அவள் என்னை ஒரு தடவையும் ஏசியதில்லை, இன்றைக்காவது ஏசிவிடு என்றேன். அவள் கையை உதறவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்தாள்.

"எனக்குக் கோவமில்ல நஸ்லின். ஆனா நீ இனி இஞ்ச வராத. போனும் எடுக்காத," என்றாள். "உன்னக் காணுற நேரமெல்லாம் நானும் போயிருப்பன் எண்டுதான் நினைப்பு வருகுது. அந்த நினைப்போட எனக்கு அங்க வேலை செய்ய ஏலாது."

முற்றத்திலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தா. நஸ்லின், கறி இறக்கப் போறன், இருந்து சோறு தின்றுவிட்டுப் போ புள்ள என்றா. எட்டு வருடமாக அந்த வீட்டில் நான் தின்னாமல் போனது கிடையாது.

கிருசாந்தி பையின் வாயை இழுத்து மூடினாள்.

"அவவுக்கு நேரமில்லையாம் அம்மா," என்றாள். "போகட்டும்."

எனக்கு அன்று நாள் முழுக்க நேரம் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.